மச்சானுக்குத் தெரியக் கூடாத ஊசி

கால் இரண்டும் விழுந்துபோனதைக்கூட லின்ட்ஸி பென்ஹேல் தாங்கிக்கொண்டான். அது எதனால் வந்தது என்று மச்சான் கிளெமுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அடிலெய்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள கடலோரச் சிற்றூரான வாலரூவின் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவன் லின்ட்ஸி. கொரோனா தடுப்பூசி வந்தபோது ஊர் மண்டபத்து வாசலில் விசிலோடு நின்று வரிசையை ஒழுங்கு செய்தவனும் அவனே. ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்கள் வேண்டாம் என்றாலும் விடமாட்டான். ஆளுக்கொரு லாமிங்டன் கேக்கைக் கையில் திணித்துத்தான் அனுப்புவான். ஊரே வந்து போன அந்த மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், அவன் மனைவி கோரலியின் தம்பி கிளெம். செம்மறி ஆடு வளர்ப்பவன். பிறக்கிற குட்டிக்கெல்லாம் தவறாமல் தடுப்பூசி போடுவான். தனக்கென்று வந்தால் மட்டும், இதில் அரசாங்கத்தின் சூழ்ச்சி இருக்கிறது என்பான்.

“உன் ஆட்டுக்கு இருக்கிற பாதுகாப்பு உனக்கு இல்லையே மச்சான்” என்று ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் லின்ட்ஸி அவனை மாதக்கணக்கில் வறுத்தெடுத்தான். கிளெம் உருளைக்கிழங்கை மென்றுகொண்டிருப்பான்.

இரண்டாவது ஊசி போட்டுக்கொண்ட கொஞ்ச நாளில் லின்ட்ஸியின் பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. புது பூட்ஸ் கடிக்கிறது என்று நினைத்தான். ஒருநாள் காலை, கடையில் பெயின்ட் டப்பாவை எடுக்கக் கை நீட்டியவன், முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் அடிலெய்டுக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே நரம்பு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்காரர்கள் ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே அடித்துவிட்டார்கள். மிக அபூர்வமாக வரும். பெரும்பாலும் ஊசிதான் காரணமாக இருக்க வேண்டும். நிறையப் பேர் தேறிவிடுவார்கள், ஆனால் மெதுவாகத்தான். ‘மறுபடி நடப்பேனா’ என்று கேட்பான் என்று அவர் காத்திருந்தார். அவன் கேட்டது வேறு.

“டாக்டர், இது எங்க ஊருக்குத் தெரிய வருமா?”

ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாக ஊருக்குச் சொல்லியாயிற்று. கோரலிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் படுக்கையில் கிடப்பவனிடம் மல்லுக்கட்ட மனம் வரவில்லை. கிளெம் ஆஸ்பத்திரிக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏணியை எந்தக் கோணத்தில் சாத்த வேண்டும் என்று பாடம் நடத்தினான். “ஏணி மேல நிக்கத் தெரியாதவன் ஊருக்கே ஏணி விக்கிறான்” என்றான். அடுத்த தடவை வருவதற்குள் புத்தம்புது ஏணி ஒன்றை வேனில் கட்டிக்கொண்டு போய் லின்ட்ஸி வீட்டில் இறக்கிவிட்டு வந்து சொன்னான். லின்ட்ஸி நன்றி சொல்லி வைத்தான்.

வீடு திரும்பிய பிறகு நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போவதற்கே மூச்சு வாங்கியது. ஊசியால் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கமே உதவித்தொகை தருகிறது, விண்ணப்பியுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். லின்ட்ஸி அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அரசாங்கம் வரை போனால் ஊருக்கு வந்துவிடும், ஊருக்கு வந்தால் கிளெம் பேனர் கட்டிவிடுவான் என்றான்.

கோரலிக்குப் பொறுமை போய்விட்டது. “கடை பூட்டிக் கிடக்கு. காலு மடங்கிக் கிடக்கு. உன் வீம்பு ஒண்ணுதான் இந்த வீட்ல நிமிர்ந்து நிக்குது” என்றாள். அன்றைக்கே மருத்துவரோடு பேசி, வேண்டிய சான்றுகளை வாங்கி, அவளே விண்ணப்பித்துவிட்டாள். கையெழுத்து மட்டும் அவன் போட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சில வாரம் கழித்து, உதவித்தொகை விஷயமாகத் தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தது. கோரலி மதியத்துக்கு இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கிளெம் வெளியே, வாசற்படிக்குப் பதிலாகச் சாய்வுப்பலகை அமைத்துக்கொண்டிருந்தான்; துளைக்கிற இயந்திரத்தின் சத்தம் தெருவையே அதிரவைத்தது. நோய் கையையும் விட்டுவைக்கவில்லை; லின்ட்ஸிக்குப் போனைக் காதில் வைத்துப் பிடிக்க விரலில் தெம்பில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

பேசிய பெண் கனிவாகத்தான் கேட்டாள். ஊசி போட்டு எத்தனை நாளில் கால் மரத்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று. அந்தக் கடலோரத்து ஆண்களுக்குச் சுறா காலைக் கவ்வினாலும் சிராய்ப்பு என்றுதான் சொல்ல வரும். லின்ட்ஸியும் அப்படியே சொன்னான். நடக்கிறேன், பரவாயில்லை. வேலையா, கொஞ்சம் மெதுவாகத்தான். என்னைவிட மோசமானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

துளைக்கிற சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் கிளெமின் தலை.

“இந்தாம்மா, அவன் சொல்றது எதையும் எழுதிக்காதே” என்றான் கிளெம் போனைப் பார்த்து. “கப்பை ரெண்டு கையால பிடிச்சாலும் பாதி டீ மடியிலதான். சட்டைப் பொத்தானை எங்க அக்கா போட்டுவிடுறா. நேத்து பாத்ரூம்ல விழுந்து கிடந்தவனை நான்தான் அள்ளித் தூக்கினேன். பரவாயில்லையாம்ல, பரவாயில்ல.”

பேசுவது யார் என்று மறுமுனை கேட்டது.

“என் மச்சான்” என்றான் லின்ட்ஸி, பிடிபட்ட திருடன் குரலில்.

பார்த்ததை எழுத்தில் தர முடியுமா என்று அவள் கிளெமைக் கேட்டாள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரை வாசலோடு துரத்திவிட்டவன் அவன். தாடையைச் சொறிந்தான். பிறகு, “கறுப்பு மையில எழுதணுமா, நீலமா?” என்றான்.

போன் வைத்த பிறகு, இனிமேல் கேலிதான் என்று லின்ட்ஸி தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான்.

“அப்போ ஏணி?” என்றான் கிளெம்.

“ஏணியெல்லாம் இல்ல மச்சான்.”

“நான் புது ஏணி வேற வாங்கிட்டு வந்தேனே.”

“சிரிச்சுத் தொலைச்சிடுடா. வச்சு வதைக்காதே.”

“நிக்க முடியாதவனைப் பாத்து என்னத்த மாப்ள சிரிக்கிறது? முதல்ல நட” என்று சொல்லிவிட்டு, ஜன்னலிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனான்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது, நாளானாலும். பணத்தில் கடன் அடைந்தது, ஆள் வைத்துக் கடை திறந்தது. ஆனால் லின்ட்ஸி கோரலியிடம் திரும்பத் திரும்பச் சொல்லி மாய்ந்தது வேறு: ‘ஆமாம், இது உனக்கு ஊசியால்தான் வந்தது’ என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதை. அதைக் கேட்ட பிறகுதான், தன்மேல்தான் ஏதோ குறை என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது அடங்கியது என்றான்.

கோடை முடிவதற்குள் ஊன்றுகோலோடு மதுக்கடை வரை நடந்தான். கிளெம் அங்கே, தன்னைப்போலவே ஊசியைச் சந்தேகிக்கிற கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை நடந்து வருவதைக் கண்டதும் எழுந்து நின்று ஆரம்பித்தான். விசில் ஊதியது, வரிசையில் நின்றவர்களை மிரட்டியது, வேண்டாம் என்றவர்கள் வாயிலும் கேக்கை அடைத்தது, நல்ல ஏணிமேல் அபாண்டம் சுமத்தியது என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டினான். கடையே உருண்டு புரண்டு சிரித்தது. லின்ட்ஸிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் கூட்டாளிகள் லின்ட்ஸி பக்கம் திரும்பினார்கள். இந்த ஊசியெல்லாம் மோசடி என்று நீயே சொல்லு, கேட்போம் என்றார்கள்.

“இந்த ஊர்ல நிறையப் பேர் உசுரோட இருக்கிறது அந்த ஊசியாலதான்” என்றான் லின்ட்ஸி. “என்னைக் கீழ தள்ளினதும் அதுதான். எல்லாருக்காகவும் போடச் சொன்னவங்க, விழுந்தவனைத் தூக்கிவிட வந்தாங்க. வரணும்ல? இந்த ரகம் எனக்கு இனிமே ஆகாதாம். டாக்டர் வேற ரகம் சொன்னார், போன வாரம் போட்டுக்கிட்டேன்.”

கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தொலைக்காட்சியில் ஓடிய கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

“உன்னை வச்சு ஊசிக்கு எதிரா ஒரு கூட்டம்கூடப் போட முடியாதுடா மாப்ள” என்று அலுத்துக்கொண்டே கிளெம் அவனுக்கு ஒரு பீர் சொன்னான். கண்ணாடிக் குவளையில் வேண்டாம், கைப்பிடி வைத்ததாகக் கொடுங்கள் என்று கடைக்காரப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டான்.