இரண்டாவது கோடு

…இல்லை, இது பசிதான், காலையில் அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன், வெறும் வயிறு இப்படித்தான் இழுக்கும், எல்லோருக்கும் இழுக்கும், ஆனால் எல்லோரும் உட்கார்ந்து விசாரணை நடத்துவதில்லை, எனக்குத்தான் உடம்பில் எது அசைந்தாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற வேலை. நீ பசியா, பயமா? பயத்துக்கு மாத்திரை போட்ட வருஷங்களில் இந்த வம்பே இல்லை, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒரே முகம். மகள் கல்யாணத்தில் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, பந்தி முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு நின்ற ஆள் நான். டாக்டரம்மா அந்த மாத்திரையை முழுசிலிருந்து அரையாக, அரையிலிருந்து காலாக, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாளாக, அவசரமே படாமல் இறக்கிக்கொண்டு வந்தார், கைக்குழந்தையோடு மாடிப்படி இறங்குவதுபோல. போன வாரத்தோடு அதுவும் நின்றது. இப்போது தரையில் நிற்கிறேன். நிற்கிறேனா?

சலூனுக்கான கண்ணாடி, என்னைவிட உயரம், மேசையில் விரித்த கம்பளியின் மேல் மல்லாந்து கிடக்கிறது, குனிந்தால் உள்ளே மின்விசிறியும் என் மோவாயும். அளந்த இடத்தில் மரச்சட்டத்தை வைத்து, கண்ணாடி வெட்டும் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கண்ணாடிக்குக் கோடு ஒரு தடவைதான். சரியாக விழுந்ததா என்று சந்தேகப்பட்டு அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை இழுத்தால் தீர்ந்தது, அப்புறம் அது தன் இஷ்டத்துக்குத்தான் உடையும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பத் திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜென்மத்துக்கு உலகத்தில் வேறு தொழிலே கிடைக்கவில்லை. மாத்திரைதான் அந்தச் சந்தேகத்தின் வாயைக் கட்டி வைத்திருந்தது, நானும் கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தேன், அப்படியென்றால் இத்தனை நாள் வெட்டியது நானா, அதுவா? அது இல்லாமல் எனக்கு வேலை வருமா? இழுத்தேன். சர்ரென்று ஒரே சீராகச் சத்தம், நல்ல சத்தம்… நடுவில் கொஞ்சம் மெலிந்ததோ? இல்லை. மெலிந்தது மாதிரி இருந்ததே. நான் யோசித்து முடிப்பதற்குள் கை மறுபடியும் அந்தக் கோட்டின் மேல் போய்விட்டது.

மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். பாதிவரை ஒழுங்காக வந்த வெடிப்பு சட்டென்று திரும்பி மூலைக்கு ஓடியது. காது சுட்டது, கழுத்து நனைந்தது, நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது, வந்துவிட்டது, பழைய ஆள் வந்துவிட்டான், இனி மூச்சு அடைக்கும், தரை நழுவும், யாராவது தண்ணீரோடு ஓடி வருவார்கள்… காத்திருந்தேன். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “என்னப்பா, தொழில புதுசா கத்துக்கிறியா?” “ரெண்டு தடவ இழுத்துட்டேண்ணே.” “நீயா? சரி, தொலையட்டும், வேற எடு. அந்தத் துண்டு எதுக்காவது ஆகும்.” அவ்வளவுதான், போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை, என் கை மேல், எத்தனை வருஷமாயிற்று இப்படி ஒரு அருமையான கோபம் வந்து! அப்புறம் வெட்கம். அப்புறம் அந்தப் படபடப்பு இறங்கத் தொடங்கியது, தானாக, யாரும் பிடித்து இறக்காமல். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை காலம் பயந்து செத்தேன்? கண்ணாடி உடைந்தால் மனுஷனுக்கு வருகிற சாதாரண வருத்தம், எல்லோரும் வைத்திருப்பது, எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. வேறு கண்ணாடி எடுத்தேன், ஒரே இழுப்பு, இழுத்த கையோடு கட்டரைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன், கையை நம்ப முடியாது. சமர்த்தாகக் கோட்டோடு பிரிந்தது.

இதை வீட்டுக்காரியிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? வாசல் பக்கம் வந்து போன் போட்டேன். “இன்னைக்கு ஒரு பெரிய கண்ணாடிய உடைச்சிட்டேன்” என்றேன், பரிசு விழுந்தவன் மாதிரி. “ஐயோ, என்னங்க, மூச்சு விட முடியுதா? பக்கத்துல யாரு இருக்காங்க? அப்படியே உக்காருங்க, நகராதீங்க, நான் வந்துடறேன்.” “ஒண்ணும் இல்லம்மா. வந்துச்சு, தானா போயிடுச்சு. நல்லா இருக்கேன், நம்பு.” போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது, குட்டை குட்டையாக, ஒன்று முடிவதற்குள் அடுத்தது முட்டிக்கொண்டு. அந்த மூச்சு எனக்குத் தெரியும், நன்றாகத் தெரியும், அது என்னுடையது. ஆனால் இவளிடம் எப்போதிலிருந்து? நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்லாக நின்ற இடங்களில் எல்லாம் பக்கத்தில் நின்றாளே, இவள் எதைப் போட்டுக்கொண்டு நின்றாள்? ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. “நீ முதல்ல உக்காரு” என்றேன். “நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு, நான் போன வைக்கல.” அப்புறம், அந்தப் பக்கம், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.