சொல்தா வீட்டு டெலிபோன்

உப்பளம் பகுதியில் அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடாத மிக்சி, செத்த செல்போன், பழைய டிவி எல்லாவற்றையும் மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சேர்ப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் மாதா கோயில் பூசை முடிந்ததும் அந்த வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கடைசி ஞாயிறு வண்டி வந்து மறுசுழற்சிக்கு ஏற்றிப் போகும். காயலான் கடைக்குப் போட்டால் ஒயரைக் கொளுத்துவான், புகை நம் மூக்கில்தான் ஏறும் என்று கூட்டம் கூட்டியவர் கோபிநாத். அவரைவிடக் கறாராக நடத்தியவள் கொலெத்.

"நெனப்பா இருக்கட்டும்னு ஓடாதத வச்சிகினு இருக்க, வூடு என்னா மியூசியமா?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள்.

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். அவள் கூடத்திலேயே ஒரு செத்த டெலிபோன், மேலே பின்னல் துணி போர்த்திக்கொண்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவள் புருஷன் அர்மான் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு திரும்பியவர். தெரு அவரை சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்றது. தெருவுக்கே முதல் டெலிபோன் சொல்தா வீட்டுடையது. பாரிசில் பிள்ளையோ அண்ணனோ உள்ளவர்கள் பூசை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய புடவையோடு நேரே அந்தக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். மணி அடித்தால் கொலெத் எடுத்து "அலோ" என்பாள். யாருக்கு வந்தது என்று அவள் சொல்லும்வரை ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். எதிர்வீட்டு ஜோவிதாவுக்கு அவள் அண்ணன் சூசை பேசுவான். ஜோவிதா போடுகிற கத்தலுக்கு டெலிபோனே வேண்டாம், பாரிசுக்கு அப்படியே கேட்கும் என்று அர்மான் கேலி செய்வார். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டு மாளாது. கொலெத் அலுத்துக்கொள்வாள். என்ன நாள்கள் அவை!

அப்புறம் ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்தது. சூசை இறந்துபோனான், அர்மானும் போனார். நாற்காலிகள் மட்டும் மிச்சம்.

இந்த மாதம் முறை கொலெத்துக்கு வந்தது. பொருளை வைக்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், காப்பி குடித்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கூடவே ஒரு பயம். மாதம் முடிந்தால் முறை ஜோவிதா வீட்டுக்குப் போய்விடும். அதற்கப்புறம் இந்தப் படியை யார் மிதிப்பார்கள்?

கடைசி ஞாயிறு, வண்டி வருமுன் ஜோவிதா ஒரு டேப்ரெக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் கொண்டாந்ததுக்கா. பாடி எத்தினியோ வருசமாச்சி. நீங்க சொன்னீங்கன்னுதான் எடுத்தாந்தேன்." அதைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் பின்னல் துணியைப் பார்த்தாள். "அது?"

"அது அவரு போனுடி."

"இது மட்டும் எங்க அண்ணன் டேப்பு இல்லியா?"

கொலெத் மெல்ல எழுந்து துணியை எடுத்தாள். டெலிபோனைத் தூக்கினாள். ஜோவிதா கிட்டே வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, பழக்கத்தில், "அண்ணே" என்று கத்தினாள். இருவரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். டேப்ரெக்கார்டருக்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்கள். வண்டி வந்து எடுத்துப் போனது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கொலெத் தனியே வீடு வந்தாள். டெலிபோன் இருந்த இடத்தைத் துடைத்து, வெறும் மேசைமேல் பின்னல் துணியை விரித்தாள். தனக்கு மட்டும் காப்பிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் அடுப்பில் வைத்தாள்.

வாசலில் சத்தம். அடுத்த வீட்டு பூவிழி, கெட்டுப்போன இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள். முறை இங்கே இல்லை என்று கொலெத் சொல்ல வாயெடுப்பதற்குள், பின்னாலேயே கோபிநாத் ஒரு பழைய டேபிள் ஃபேனோடு படியேறினார். அவருக்கும் பின்னால், ஓடாத மிக்சியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜோவிதாவே வந்தாள்.

"ஏண்டி, முறை உன் வூட்லதான?"

ஜோவிதா திரும்பி எதிரே திறந்து கிடந்த தன் வீட்டைப் பார்த்தாள்.

"அய்யய்யோ, ஆமால்ல! ஞாயித்துக்கெழமையானா கால் தானா இங்க வந்துடுதுக்கா."

சொன்னாளே தவிர, திரும்பிப் போகவில்லை. மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஒரு ஞாயித்துக்கெழமையாவது நிம்மதியா இருக்க வுடுறீங்களா?" என்று அலுத்துக்கொண்டே கொலெத் அடுப்படிக்குப் போய், பெரிய பாத்திரத்தைத் தேடி எடுத்தாள்.