முழங்கால் குடிபோன ஞாயிறு

ஃபிசாவுக்குத் தொலைபேசியில் பேசுவதென்றால் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி. ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அங்கே யாரும் யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்த வேலையை விடாமல் இருந்தாள். அப்படிப்பட்டவள் இந்த ஒரு வாரமாக, முன்பின் பார்த்திராத ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, "உங்க கணக்கை இன்னும் மாத்தலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் 'முழங்கால்' செய்த வேலை.

முழங்கால் ஒரு சின்ன சமூக வலைத்தளம். பெரிய நிறுவனம் எதுவும் அதை நடத்தவில்லை. இப்படித் தளத்தைத் தாங்கும் சிறு சிறு சர்வர் கணினிகளை உலகம் முழுக்க ஆளுக்கொன்றாக நடத்துகிறார்கள். ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு, பக்கத்துத் தெருக்காரரோடு பேசுவதுபோலப் பேசலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆட்களுக்காக ஐடியில் வேலை பார்க்கும் அழகேசன் ஒரு மழைக்காலத்தில் இதைத் தொடங்கினார். தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல அங்கே மூன்றே அளவுதான்: கணுக்கால், முழங்கால், இடுப்பு. மழை விட்ட பிறகும் யாரும் கிளம்பவில்லை. பூனைப் படம், கரண்ட் கட், மாமியார் வைத்த குழம்பு என்று அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது அழகேசன் வாடகைக்கு எடுத்திருந்த சர்வரை அதன் சொந்தக்காரர்கள் மூடுகிறார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கடைசி. கரையான்சாவடியில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக், "நம்ம கடை மாடியில ஒரு கம்ப்யூட்டர் சும்மா கெடக்கு. எந்த வெள்ளமும் மாடி ஏறாது" என்று இடம் கொடுத்தார்.

ஒரே ஒரு சிக்கல். ஒருவருடைய கணக்கை மற்றவர் தூக்கி வந்து வைத்துவிட முடியாது. அவரவரே புது இடத்தில் கணக்குத் தொடங்கி, 'அந்தப் பழைய ஆள் நான்தான்' என்று சொல்லிவைக்க வேண்டும். பிறகு பழைய கணக்குக்குப் போய், கிளம்புகிறேன் என்று பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் பின்தொடர்கிறவர்கள் தாமாகவே புது முகவரிக்கு வந்துவிடுவார்கள். ஆறு மணிக்குள் அமுக்காதவர், யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போனவர் மாதிரிதான். பழைய பதிவுகள் எப்படியும் வராது. ஆட்கள் மட்டுமே வருவார்கள்.

அழகேசன் கொடுத்த எண்களை ஃபிசா ஒவ்வொன்றாகக் கூப்பிட்டதில் எல்லாரும் வந்தாயிற்று, துலுக்கானம் ஒருவரைத் தவிர.

துலுக்கானம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். முழங்காலுக்குக் கண் என்றால் அவர்தான். போன வருஷப் பெருமழையில், கள்ளிக்குப்பத்தில் தோழி வீட்டிலிருந்து கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள் ஃபிசா. 'கள்ளிக்குப்பம். தங்கச்சிங்களா, இப்போ எறங்காதீங்க. இடுப்பு' என்று அவருடைய பதிவு வந்தது. செருப்பைக் கழற்றினாள். இருட்டுவதற்குள், 'இப்போ வரலாம். கணுக்கால்' என்று வந்தது. தனக்காகவே ஒருவர் மழையில் நின்று பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. நன்றி என்று எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அனுப்பவே இல்லை.

அடுத்த மழைக்காலம் வாசலுக்கு வந்துவிட்டது. அவரோ எப்போது கூப்பிட்டாலும், "ஓட்டிகினு கீறேன்மா, அப்பால" என்று வைத்துவிடுகிறார்.

ஞாயிறு மாலை ஃபிசா கடை மாடி ஜன்னலை விட்டு நகரவில்லை. ஐந்தரை தாண்டியபோது கீழே ஒரு ஆட்டோ நின்றது. காக்கிச் சட்டையும் கலைந்த தலையுமாகத் துலுக்கானம் படியேறி வந்தார்.

"இன்னா பாய், இதான் புது ஊடா? காத்து நல்லா வர்து."

"அண்ணே, மொதல்ல உட்காருங்க. ஆறு மணிக்கு மூடிருவாங்க" என்றார் அழகேசன்.

"இருப்பா. பால் காச்சினீங்களா?"

"என்னது?"

"புது ஊட்டுக்குக் குடி வர்றோம். பால் காச்சாம எப்டிப்பா உள்ள வர்றது? நாள பின்ன உன் சர்வரு படுத்துகிச்சுன்னா என்னாண்ட வராத."

அழகேசன் தலையில் கை வைத்தார். ஆசிக் விழுந்து விழுந்து சிரித்தார். "கேக்குறது நியாயந்தானே அழகேசா? கீழ பால் பாக்கெட் இருக்கு, டீ போடுற கரண்ட் அடுப்பும் இருக்கு. ரெண்டு நிமிஷம்."

மாடிக்கு வந்த அடுப்பின் பிளக் எங்கே போகிறது என்று ஃபிசா பார்த்தாள். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை நிற்காமல் காப்பாற்றும் யூபிஎஸ் பெட்டியில், மிச்சமிருந்த ஒரே துளையில் ஆசிக் அதைச் செருகினார். அடுப்பு இழுக்கிற கரண்டை இந்தப் பெட்டி தாங்காதே என்று தோன்றியது. சொல்ல வாயெடுத்தாள். வழக்கம்போல, வேறு யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டாள்.

பால் பொங்கியதும் யூபிஎஸ் அலறியதும் ஒரே நொடியில். ஆசிக் பதறித் திரும்பினார். முழங்கை பட்டுப் பாத்திரம் கவிழ்ந்தது. பால் தரையெங்கும் ஓடியது. சர்வர் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

"பொங்கிச்சா இல்லியா? அது போதும்" என்றார் துலுக்கானம்.

அழகேசன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பினார். அது தன் பாட்டுக்கு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் எழுந்தது. ஃபிசாவுக்கு மௌனம் எப்போதும் சொந்த வீடு மாதிரி. அப்போதே சொல்லியிருக்கலாமே என்று இன்று அது அவளைக் குத்தியது.

திரை வெளிச்சமானது. ஆறுக்குச் சில நிமிஷங்களே இருந்தன. அழகேசன் துலுக்கானத்தின் போனில் எல்லாவற்றையும் தயார் செய்து நீட்டினார். "கடைசிப் பொத்தான். நீங்கதான் அமுக்கணும்."

துலுக்கானத்தின் விரல் நின்றது.

"நான் போட்டதெல்லாம் வராதா?"

"வராதுண்ணே."

"அப்பால இன்னாத்துக்குப்பா? இத்தினி நாள் போட்டேன், ஒருத்தரும் ஒண்ணியும் சொன்னதில்ல. செவுத்தாண்ட பேசினா மாரி. தண்ணி அளவுதானே? வேற எவனாவது போடுவான். நான் கெளம்பறேன்."

அவர் எழுந்துவிட்டார்.

"கள்ளிக்குப்பம்" என்றாள் ஃபிசா.

எல்லாரும் திரும்பினார்கள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

"போன மழையில இடுப்புன்னு போட்டீங்க. நான் செருப்பைக் கழட்டிட்டேன். கணுக்கால்னு போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனேன். நன்றின்னு எழுதி எழுதி அழிச்சேன், அண்ணா. என்னை மாதிரி நெறைய பேர் இருக்காங்க. நாங்க சும்மா படிச்சிட்டுப் போறவங்க. எங்களுக்குச் சொல்ல வராது. அதுக்காக நீங்க செவுத்துக்கிட்ட பேசலை."

துலுக்கானம் அவளையே பார்த்தார்.

"போன்ல விடாம கூப்ட்டுகினே இருந்த புள்ள நீதானா?"

அவள் தலையாட்டினாள்.

"பேச வராதுன்ற. அந்தத் தொல்லை குட்த்தியே!"

ஆசிக் வெடித்துச் சிரித்தார். துலுக்கானமும் சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.

புதுக் கணக்கில் பின்தொடர்கிறவர்கள்: பூஜ்யம். ஒன்று. நான்கு. பிறகு எண்ணிக்கை கண்ணுக்குப் பிடிபடாமல் ஓடியது. அம்பத்தூர்க்காரர்கள், கோவில்பதாகைக்காரர்கள், எங்கெங்கோ சர்வர்களிலிருந்து பெயர் தெரியாதவர்கள், ஒருநாளும் வாய் திறக்காதவர்கள், படி முழுக்கச் செருப்பை விட்டு உள்ளே வருகிற விசேஷ வீட்டுக் கூட்டம் போல வந்துகொண்டே இருந்தார்கள்.

"யப்பா" என்றார் துலுக்கானம். "இத்தினி பேரா சும்மா குந்திகினு இருந்தீங்க?"

ஆறு மணிக்குப் பழைய முழங்கால் சத்தமில்லாமல் இருண்டது. யாரும் கவனிக்கவில்லை. துலுக்கானம் ஒற்றை விரலால் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஃபிசாவின் போன் அதிர்ந்தது.

'கரையான்சாவடி, பாய் கடை மாடி. பால்: கணுக்கால்.'

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு, 'செருப்பைக் கழட்டிட்டேன், அண்ணா' என்று எழுதி, அழிக்காமல் அனுப்பினாள்.