மஞ்சள் தாள் வெளியே போகாது

பதினொன்றேகால் ஆகியும் பிரிவுத் தலைவர் அறையிலிருந்து அழைப்பு வரவில்லை. அடிக்குறிப்பார் முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து, ஏற்கெனவே சீவிய பென்சிலை மறுபடி சீவிக்கொண்டிருந்தார். அறையிலிருந்த மற்ற ஐந்து மேசைக்காரர்களும் தலை நிமிரவில்லை. மூன்று நாளாக அவரோடு யாரும் டீ குடிக்க இறங்கவில்லை.

சட்டமன்றத்தின் ஆய்வுப் பிரிவு அது. எந்த மாகாணத்தில் என்ன சட்டம், எந்தப் பிரிவை எப்போது திருத்தினார்கள் என்று உறுப்பினர்கள் கேட்பதைத் தேடிக் கொடுப்பது வேலை. கேட்டவர் எந்தக் கட்சி என்று பார்க்கக் கூடாது. அடிக்குறிப்பார் பத்தொன்பது வருடமாக அங்கே கான்ட்ராக்டில் இருந்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆதாரம் எழுதாமல் விடமாட்டார் என்பதால் வந்தது அந்தப் பெயர்.

பிரிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரிபார்க்காத குறிப்பு மஞ்சள் தாளில் இருக்கும். சரிபார்த்த பிறகுதான் வெள்ளைத் தாள், அதன் கீழே எழுதியவரின் சுருக்கொப்பம். மஞ்சள் தாள் அறையை விட்டு வெளியே போகாது.

போன திங்கட்கிழமை போயிற்று. வேலையில் அடிபட்ட தொழிலாளி இழப்பீடு கேட்க இருந்த ஒரு வருடக் கெடுவைத் தொண்ணூறு நாளாகக் குறைக்கும் மசோதா அன்று விவாதத்தில் இருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரின் உதவியாளன் மூச்சிரைக்க மாடியேறி வந்தான்.

"அண்ணே, அடுத்து அவர்தான் பேசணும். மத்த மாகாணத்துல கெடு எவ்வளவுன்னு கேட்டிருந்தாரே, அந்தக் குறிப்பைக் குடுங்க."

"ஒரு மணி நேரம் பொறு தம்பி. ரெண்டு மாகாணத்துல தொண்ணூறு நாள்னு பழைய புத்தகத்துல இருக்கு. அப்புறம் மாத்திட்டாங்களான்னு பார்க்கணும்."

"வெள்ளையோ மஞ்சளோ, எழுத்து கறுப்புதானேண்ணே?"

அவர் சிரிக்காமல் கீழ்த்தளத்துக்கு அரசிதழ் பார்க்கப் போனார். இரண்டு மாகாணமும் எட்டு வருடம் முன்பே ஒரு வருடத்துக்குத் திரும்பியிருந்தன. மேலே வந்தபோது மேசைத் தட்டு காலியாக இருந்தது. தலைவரே மஞ்சள் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தார். வெள்ளைத் தாள் போய்ச் சேருமுன் உறுப்பினர் அந்த இரண்டு மாகாணத்தையும் உதாரணம் காட்டிப் பேசி முடித்து, நாலு வாக்கில் மசோதா நிறைவேறியது. மறுநாளே எதிர்க்கட்சி அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டது.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

"உட்காருங்க சார்." தலைவர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மேசையில் அடிக்குறிப்பாரின் கையெழுத்துக்காக மூன்று வரி மன்னிப்புக் கடிதம் ஒன்று இருந்தது.

"நிக்கிறேன், பரவாயில்ல." அவர் படித்தார். "இதுல 'நான் வழங்கினேன்'னு இருக்கு. நான் வழங்கல. தட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தது நீங்க."

"யார் குடுத்தா என்ன சார்? தொண்ணூறு நாள்னு எழுதினது உங்க கைதானே?"

"பக்கத்துலயே கேள்விக்குறி போட்டிருந்தேன்."

"சபையில நின்னு கேள்விக்குறியையா வாசிப்பாங்க?" தலைவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ரெண்டரைக்கு அவர் விளக்கம் சொல்லணும். கையில ஏதாவது ஒரு காகிதம் வேணும். மாசக் கடைசியில உங்க கான்ட்ராக்ட் என் மேசைக்கு வருது. கீழே உங்க பொண்ணு வேற இன்னும் நிரந்தரம் ஆகல..."

அடிக்குறிப்பாரின் காது மடல் சுட்டது. "என் பொண்ணு பேச்சு இந்த அறையில வேணாம் சார். எங்கப்பா தறி ஓட்டினவர். செய்யாத தப்புக்கு எங்க வீட்டுல யாரும் கையெழுத்துப் போட்டதில்ல."

கடிதத்தை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மகள் சபையில் சுருக்கெழுத்தாளர். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். கட்டடத்துக்குள் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். அன்று மாடிப்படித் திருப்பத்தில் அவளே அதை மீறினாள்.

"போட்டீங்களா?"

"இல்ல."

"போட்டுத் தொலைச்சிருக்கலாமேப்பா. யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியுமேம்மா."

"நீங்க செய்யலன்னுதானே எனக்குத் தெரியும்? போட்டாலும் அது மாறாதே!" அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடினாள். "வீம்புக்கு ஒரு அளவு வேணும்."

"ரெண்டரைக்குச் சபையில எழுதப்போறது யாரு?"

"முதல் பத்து நிமிஷம் நான்தான்."

சபைக்குள் அதிகாரிகள் உட்கார, மரக் கம்பிக்குப் பின்னால் ஒரு பெஞ்சு உண்டு. அங்கிருந்து பேசக் கூடாது. சீட்டு எழுதி அனுப்பலாம், அதுவும் பிரிவுத் தலைவர் வழியாக. சரியாக இரண்டரைக்கு உறுப்பினர் எழுந்தார். நடுவே இருந்த நீள மேசையில் மகளின் பென்சில் அசையத் தொடங்கியது.

"இழப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவைப் பற்றி நான் தந்த தகவல், ஆய்வுப் பிரிவு எனக்கு வழங்கியது. அந்த அதிகாரி தன் கவனக்குறைவை எழுத்து மூலமாக ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்திருக்கிறார்."

அடிக்குறிப்பார் பாதி எழுந்துவிட்டார். காவலர் வந்து, அவர் தோளில் இரண்டு விரலை வைத்தார். "உட்காருங்கய்யா. நீங்க எந்திரிக்கக் கூடாது." அவர் சீட்டில் எழுதினார்: 'நான் எதையும் எழுதித் தரவில்லை.' பெஞ்சின் மறுகோடிக்குப் போன சீட்டைத் தலைவர் படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மகளின் வலக்கை நிற்கவில்லை. இடக்கை மேசைவிரிப்பின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது. சபாநாயகர், விளக்கம் ஏற்கப்பட்டது, சட்டம் நிறைவேறியது நிறைவேறியதுதான் என்றார்.

நாலரைக்குத் தட்டச்சான பக்கம் ஆய்வுப் பிரிவுக்கு வந்தது. அச்சுக்குப் போகுமுன் சபைக் குறிப்பிலுள்ள பிரிவு எண்ணையும் ஆண்டையும் அடிக்குறிப்பார்தான் சரிபார்க்க வேண்டும். அவற்றை மட்டும்தான். வேறொரு சொல்லைத் தொட அவருக்கு அதிகாரம் கிடையாது.

மேல் மூலையில் எழுதியவரின் சுருக்கொப்பம் இருந்தது. அதன் முதல் எழுத்து அவர் பெயருடையது.

ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. சுத்தமான வேலை.

பியூன் கதவடியில் கால் மாற்றி நின்றான். "ஐயா, அச்சகத்து வண்டி நிக்குது."

"நான் கையெழுத்துப் போடலன்னா?"

"பக்கம் பிழைன்னு அர்த்தம். எழுதினவங்க கிட்டயே திரும்பிடும். அவங்க பேர்ல குறிப்பும் ஏறும்." அவன் மேல் மூலையைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

அடிக்குறிப்பார் அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துப் பார்த்தார். உறுப்பினர் எண்ணையும் தவறாகத்தான் வாசித்திருந்தார். 41ஐ ஒரே கோட்டில் அடித்து, மேலே 14 என்று எழுதினார். ஓரத்தில் ஆதாரம் குறித்தார். 'ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்திருக்கிறார்' என்ற வரி மேல் பென்சில் படாமல் கடந்தது.

பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. அதற்கெதிரே, வெள்ளைத் தாளில், தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.