உறக்க வேந்தரின் உயரம்

மெத்தைத் தொழிற்சாலையின் வாசல் பலகையில், முதலாளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவருடைய பட்டம் எழுதியிருந்தது: ‘உறக்க வேந்தர்’. யார் கொடுத்த பட்டம் என்று கேட்டால் ஆட்கள் கூரையைப் பார்ப்பார்கள். அவரே கொடுத்து அவரே வாங்கிக்கொண்டது. கைதட்டியவர் அவருடைய மச்சான். மச்சான்தான் அங்கே மேலாளரும். முதலாளி வாயைத் திறக்குமுன்பே “ஆமாம் மாமா” என்று ஆரம்பித்துவிடுவதால், அவருக்கு ஆட்கள் வைத்த பெயர் ஆமாஞ்சாமி.

மெத்தைகளைச் சோதிக்கும் காமிராவைப் பொருத்த அங்கே வந்திருந்தாள் ஒரு பொறியாளர். ஆட்களின் வாயில் அவள் காமிராம்மா. வேலை முடிந்தது என்று முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், சாயங்கால ரயிலைப் பிடித்துவிடுவாள். பிடித்தால், மறுநாள் பள்ளி நாடகத்தில் மகள் நடிப்பதைப் பார்க்கலாம்.

“மூணாவது மரம். வசனமே கிடையாது. ஆனா அம்மா வரலேன்னா மேடையிலேயே இலையெல்லாம் உதிர்த்துடுவேன்னு மிரட்டறா,” என்று கணவன் போனில் சொல்லியிருந்தான்.

“இலையைக் கெட்டியா ஒட்டி வைங்க. வந்துடுவேன்,” என்றிருந்தாள் இவள்.

அந்தக் காமிரா கல்யாண வீட்டுக் காமிரா மாதிரி ஒரே சொடுக்கில் படம் பிடிக்காது. ஒரு சமயத்தில் முடி அகலத்துக்கு ஒரு கோடுதான் அதன் கண்ணில் படும். பெல்ட்டில் மெத்தை ஊர்ந்து வரவர, கோட்டுக்கு அடுத்துக் கோடாக அடுக்கி முழுப் படம் ஆக்கும். அடுத்த கோட்டை எப்போது எடுப்பது என்று அதற்குச் சொல்ல, பெல்ட்டை ஒட்டி ஒரு சின்னச் சக்கரம் உருண்டுகொண்டிருக்கும். சக்கரத்தின் அச்சில் என்கோடர். பெல்ட் இம்மி நகர்ந்தால் அது ஒரு துடிப்பு அனுப்பும். இத்தனை துடிப்புக்கு ஒரு கோடு என்று மெஷினில் ஒரு நம்பர் போட வேண்டும். நம்பர் சரியென்றால் வட்டம் வட்டமாக வரும். தப்பென்றால் முட்டையாக வரும்.

அந்த நம்பரை அவள் இன்னும் சரிபார்க்கவில்லை. முன்பு வேறொரு ஆலையில் போட்டது அப்படியே கிடந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று எழுந்தவளை முதலாளி மறித்தார்.

“இவ்ளோ விலை குடுத்து வாங்கிருக்கோம். முதல் படம் மெத்தையோடதா இருந்தா நல்லாவா இருக்கும்? என்னை எடுங்க.”

“ஆமாம் மாமா. மெத்தைக்கு என்ன முகமா இருக்கு?” என்றார் ஆமாஞ்சாமி.

“சார், இன்னும் அளவு சரி பண்ணல...”

“அளவெல்லாம் மெத்தைக்கும்மா. எனக்கு எதுக்கு?”

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்றின் மேல் ஏறி நீளவாக்கில் படுத்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். பெல்ட் நகர்ந்தது. வேந்தர் மூச்சைப் பிடித்தபடி காமிராவுக்கு அடியில் பவனி போனார்.

கடவுள் அவருக்கு உயரத்தில் கஞ்சத்தனமும் குறுக்களவில் தாராளமும் காட்டியிருந்தார். ஆனால் திரையில் கோடு கோடாக இறங்கி வந்தவர் வேறு ஆள். வேண்டியதைவிட அதிகக் கோடுகளை அந்தப் பழைய நம்பர் எடுத்துத் தள்ளியதில், ஆள் ஐந்தில் ஒரு பங்கு நீண்டிருந்தார். கழுத்து இருந்தது. இடுப்பு என்று சொல்லத்தக்க ஓர் இடம்கூட இருந்தது.

முதலாளி திரைக்கு மூக்கு முட்ட நெருங்கி நின்றார். பிறகு, “இத்தனை வருஷமா என்னை எடுத்தவன்லாம் காமிராவை எப்படிப் பிடிச்சிருக்கான் பாரு மச்சான்,” என்றார்.

“ஆமாம் மாமா. எல்லாரும் உங்களைக் குறைச்சே காட்டிருக்கானுங்க.”

படம் உடனே ஆள் உயரத்தில் அச்சாகி வரவேற்பறைச் சுவரில் ஏறியது. ‘மெஷின் பொய் சொல்லாது, வந்து பாரு’ என்று முதலாளியம்மாவுக்கும் போன் போனது.

காமிராம்மா டீயை முடித்துவிட்டு நம்பரைச் சரிசெய்தாள். மெத்தையின் பூப்போட்ட துணியில் வட்டப் பூக்கள் வட்டமாகவே வந்தன. வெட்டு மேஸ்திரி டேப்பை வைத்து அளந்து பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் கச்சிதம். அந்த நேரம் பார்த்து முதலாளி மறுபடி வந்தார்.

“கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னொண்ணு எடுத்துடுவோம்.”

எடுத்தாள். திரையில் இறங்கியவர் உள்ளபடி இருந்தார்.

“யாரும்மா இது?”

“நீங்கதான் சார்.”

“மெஷினைக் கெடுத்துட்டீங்களே!”

“இல்ல சார், மொதல்ல வந்ததுதான் தப்பு. இப்பதான் சரி பண்ணேன்.”

“சரியா இருந்ததை யாரு உங்களைச் சரி பண்ணச் சொன்னது? மெஷின் பொய் சொல்லாதும்மா. மனுஷன் கை பட்டாத்தான் கெடும். பழைய நம்பரைப் போடுங்க. அப்பதான் கையெழுத்து.”

அவள் வாயைத் திறந்தாள். மூன்றாவது மரம் கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு பழைய நம்பரைப் போட்டாள். போட்டுப் பார்த்தால்தானே புரியும் என்று ஒரு நம்பிக்கை.

புரிய வேண்டியவருக்குப் புரியவில்லை. பெல்ட்டில் வந்த மெத்தை ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. ‘நீளம் அதிகம்’ என்று மெஷின் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. வெட்டு மேஸ்திரி கையில் டேப்போடு ஓடிவந்தார்.

“டேப்புல சரியா இருக்கு முதலாளி. காமிராதான் நீளம்னுது. நான் யாரு பேச்சைக் கேக்கறது?”

“அந்த டேப் என்ன விலை?”

மேஸ்திரி சொன்னார்.

“இந்தக் காமிரா என்ன விலைன்னு தெரியுமா? ரெண்டுல எது சரியாச் சொல்லும்? இத்தனை வருஷமா நீளமா வெட்டி என் பஞ்சை வீணாக்கிருக்கே!”

“ஆமாம் மாமா. நல்லவேளை காமிரா வந்துச்சு.”

மெத்தைகள் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டக் குட்டையாக வெட்டப்பட்டன. பச்சை விளக்கு எரிந்தது. வேந்தர் ஒன்றின் மேல் படுத்துப் பார்த்தார். இரண்டு குதிகாலும் வெளியே தொங்கின. அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தியா மச்சான்? என் உயரத்துக்கு இது பத்தல.”

எழுந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். “எங்கம்மா உங்க தாள்? போட்டுடறேன்.”

காமிராம்மா தாளை நீட்டப் போனாள். கை பாதியில் நின்றுவிட்டது. இந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடலாம். மரம் இலை உதிர்க்காது. ஆனால் அடுத்த மாதம் முதல் இந்த மெத்தையை வாங்குகிற அத்தனை வீட்டிலும் ஜனங்கள் காலை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு தூங்குவார்கள். காமிராவை வைத்தது யார் என்று கேட்பார்கள். அந்தத் தாளில் முதலாளியின் கையெழுத்துக்குக் கீழே இருப்பது அவள் பெயர்.

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“என்னம்மா, வேணாமா?”

பதில் சொல்வதற்குள் வாசலில் கார் நின்றது. முதலாளியம்மா வந்துவிட்டார். வரவேற்பறைப் படத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“இது யாரு, உங்க தம்பியா?”

“நான்தான்டி. நல்லாப் பாரு.”

“இந்த ஆளையா நான் தினமும் பாக்கறேன்?” என்றவர், ஒரு கணம் யோசித்தார். குரல் இளகியது. “என்னையும் இதுல ஒண்ணு எடுக்கச் சொல்லுங்களேன்.”

அப்போதுதான் காமிராம்மாவின் மூளையில் பச்சை விளக்கு எரிந்தது. பெல்ட் ஓடும் திசையில்தான் படம் நீளும். நீளவாக்கில் படுத்தவர் உயர்ந்தார். குறுக்குவாக்கில் படுத்தால்?

“அம்மா, சார் மாதிரியே படுத்தா ரெண்டு படமும் ஒண்ணாப் போயிடும். நீங்க குறுக்கால, தலைக்குக் கையைக் குடுத்து, ராணி மாதிரி சாஞ்சுக்குங்க.”

“அதான் சரி,” என்றார் முதலாளியம்மா. இரட்டைக் கட்டில் மெத்தையில் குறுக்காக, ராணி மாதிரியே சாய்ந்தார். ராணி ஊர்ந்து போனார்.

திரையில் ராணி இறங்க ஆரம்பித்தார். இறங்கிக்கொண்டே இருந்தார். தோள் முடிந்தது என்று நினைத்த இடத்தில் முடியவில்லை. உயரம் அதேதான். அகலம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. மேஸ்திரிக்குத் திடீரென்று இருமல் வந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இது... நானா?”

முதலாளியம்மா திரையை விரலால் தட்டினார்.

“மெஷின் பொய் சொல்லாதுன்னு போன்ல அவ்ளோ பீத்திக்கிட்டீங்களே. அப்ப நான் இந்த லட்சணத்துலதான் இருக்கேனா?”

பழக்க தோஷம் யாரை விட்டது? “ஆமாம்...” என்றுவிட்டார் ஆமாஞ்சாமி.

முதலாளியம்மா தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “நீ வீட்டுக்கு வாடா. இனிமே எங்க வீட்டுல உனக்குச் சோறு இருக்கான்னு பாக்கறேன்.” பிறகு கணவன் பக்கம் திரும்பினார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். அதுதான் முதலாளியை உலுக்கியது.

“பொய் சொல்லுதுடி! இந்த மெஷின் வாயைத் திறந்தாலே பொய்! ஏம்மா, பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, நம்பரை மாத்துங்க!”

“எதுக்கு சார் மாத்தணும்? நீங்கதானே...”

“மாத்துங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்!”

மாற்றினாள். ராணி இன்னொரு முறை ஊர்ந்து போனார். இந்தத் தடவை திரையில் ஒரு குறையும் இல்லாத முதலாளியம்மா இறங்கினார். “இதுதான் நான்,” என்றார் அவர் திருப்தியாக. மேஸ்திரியின் டேப்பும் காமிராவும் சமாதானமாகின. முழு நீள மெத்தைகள் பச்சை விளக்கோடு போயின. காமிராம்மா பைக்குள்ளிருந்து தாளை எடுத்து மடிப்பை நீவிவிட்டு நீட்டினாள். வேந்தர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது ரகசியமாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்தப் பழைய நம்பர்... எங்கேயாவது ஒரு மூலையில இருக்குமா?”

“மெஷின்ல மெத்தைப் பட்டியலைப் பாருங்க சார். ஒற்றைக் கட்டில், இரட்டைக் கட்டில், அதுக்குக் கீழே ‘முதலாளி’ன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன். மெத்தை ஓடும்போது மட்டும் அதைத் தொட்டுடாதீங்க.”

வேந்தரின் கண் கலங்கியது. காமிராம்மாவின் பையைத் தூக்கி வாசல்வரை அவரே கொண்டுவந்து வைத்தார்.

ரயில் நகர ஆரம்பித்ததும் மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது.

“காமிராம்மா, அந்தக் குட்டை மெத்தையெல்லாத்தையும் குழந்தைங்க மெத்தைன்னு விக்கப் போறாராம். ஒண்ணை மட்டும் தன் கட்டிலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு.”

“எதுக்கு? கால் வெளியே தொங்குமே?”

“அதுக்குத்தான்!”

எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்படி சிரித்தாள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள்.

“மூணாவது மரத்துக்கிட்ட சொல்லுங்க. இலையை ஒண்ணும் பண்ண வேண்டாம், அம்மா ரயில் ஏறியாச்சுன்னு.”