தைரொய்ட் குளிசை

நண்பகலில் வார்ட் கதவைத் திறந்ததும் ஷாமிளா எல்லாரையும் முந்திக்கொண்டு உள்ளே போனாள். புருசன் சுமன் கண்ணை மூடிக் கிடந்தான். முந்தாநாள் றப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலேயே சுருண்டு விழுந்தான். தெஹியோவிட்ட ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் ஊசியைப் போட்டு, அம்புலன்ஸில் ஏற்றி இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். பித்தப்பைக் கல் ஒன்று நழுவி வழியை அடைத்ததில் கணையம் வீங்கிவிட்டதாம். தோட்டத்து ஆள் என்றதுமே அட்டென்டன் கேட்டது “கசிப்பா?” என்றுதான். சாராயத்தைக் கையாலும் தொடாத மனுசன் என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது.

“தண்ணி” என்றான் சுமன். உதடு வெடித்திருந்தது.

“குடுக்கக் கூடாதாம்ங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

அப்போதுதான் இரண்டு டொக்டர்கள் கட்டிலடிக்கு வந்தார்கள். இளையவளை ஷாமிளாவுக்குத் தெரியும். ஒரு ஆராய்ச்சிக்கு என்று சொல்லி, இவளிடமும் கேட்டுக்கொண்டு, நேற்று சுமனிடம் கூடுதலாக இரத்தம் எடுத்துப் போனவள். அவள் பெரிய டொக்டரிடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள். தைரொய்ட் நன்றாகக் குறைந்திருக்கிறது, ஸேர். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

தைரொய்ட்! ஷாமிளாவுக்குப் பழகிய பெயர். கணையம் என்ற பெயரை அவள் இந்த இரண்டு நாளாகத்தான் கேட்கிறாள். தைரொய்ட் அப்படியா? சின்ன மகள் பிறந்த பிறகு முகம் ஊதி, தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டி, கொழுந்துக்கூடையைத் தூக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாளே, அன்றைக்கும் குறைந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள். கிளினிக்கில் ஒரு சின்னக் குளிசை தந்தார்கள். ஓரிரு மாதத்தில் ஆள் எழுந்து மலைக்கே போய்விட்டாள். அந்தக் குளிசை இப்போதும் அவள் பைக்குள் இருக்கிறது. குறைந்ததைக் கூட்டினால் சரிதானே. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஏன் ஒருவருக்கும் அது தோன்றவில்லை?

குளிசையை உள்ளங்கையில் வைத்துப் போத்தல் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு நசுக்கினாள். விரலில் வழித்து உதட்டருகே கொண்டுபோனாள். ஈரம் தெரிந்ததும் சுமன் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தான்.

“வாணாம் தங்கச்சி.” பக்கத்துக் கட்டிலில் இருந்து நுஹ்மான் நானா கையை நீட்டித் தடுத்தார். தெஹியோவிட்டயில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். “அவருக்கு வாயால ஒண்டும் குடுக்கப்படாதுன்னு சொல்லித்தானே போன. டொக்டர் இன்னம் வாசல்லதான் நிக்கிறா. கேட்டுட்டுக் குடுங்க.”

விரல் அந்தரத்தில் நின்றது. சுமனின் வாய் திறந்தபடியே இருந்தது. ஷாமிளா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

“மிஸ், தைரொய்ட் கொறஞ்சிருக்குன்னு சொன்னீங்களே. எங்கிட்ட குளுசை இருக்கு. ஊசியா போட முடியாதுங்களா?” பதற்றத்தில் தமிழில்தான் கேட்டாள். பிறகு சிங்களத்திலும் கேட்டாள்.

இளைய டொக்டர் அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ச் சிங்களத்தில் விளக்கினாள். தனக்குத் தெரிந்த சிங்களம் அத்தனையையும் கூட்டி ஷாமிளா கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு வந்தது வேறாம், இது வேறாம். அவளுக்குத் தைரொய்டிலேயே நோய். சுமனுக்கு அதில் நோயே இல்லை. உடம்பு பெரிய அடி வாங்கும்போது அது தானாகவே இறங்கிவிடுமாம். குளிசையைக் கொடுத்து அதை ஏற்றினாலும் கணையம் ஆறாதாம். நோய் எவ்வளவு கடுமை என்பதை அது முன்கூட்டியே காட்டுமா என்றுதான் ஆராய்ச்சியில் தாங்கள் பார்ப்பதாகச் சொன்னாள்.

வெளியே மழை பிடித்திருந்தது.

“அப்ப, இவருக்கு நல்லா கொறஞ்சிருக்குன்னா?”

“அத மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது” என்றாள் டொக்டர், இந்தத் தடவை தட்டுத்தடுமாறித் தமிழில். “மூச்சும் கஷ்டம். சலம் போறதும் கொறவு. ஐசியுல கட்டில் கேட்டிருக்கு. இப்ப கொண்டுபோவாங்க.”

ஷாமிளா திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நுஹ்மான் நானா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏங்க” என்று கூப்பிட்டாள். சுமன் கண் திறக்கவில்லை.

அவன் முழங்கை மயிரில் றப்பர் பால் காய்ந்து இழை இழையாக ஒட்டிக்கிடந்தது. இரண்டு நாளில் யாரும் அதைக் கவனிக்கவில்லை போலும். ஒரு இழையை நகத்தால் கிள்ளி இழுத்தாள். மயிரும் சேர்ந்து வந்தது. சுமனின் புருவம் ஒரு தடவை சுருங்கியது. தள்ளுகட்டிலின் சக்கரம் நடைபாதையில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. ஷாமிளா குனிந்து அடுத்த இழையைத் தேடி இழுத்துவிட்டு, அவன் புருவத்தையே பார்த்தாள்.