காற்றுக்குக் காவல்

மூச்சுப் பயிற்சி தொடங்குவதற்குள் ராதிவோய் இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டார். கதவும் ஜன்னலும் எதிரெதிரே திறந்து கிடந்தால் நடுவே பாயும் காற்று நல்ல ஆளையே படுக்கையில் தள்ளிவிடும். கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் மனைவி நெவென்காவை விட்டுவைக்குமா? நோவி ஸாத் ஊரில் இது யாருக்குத்தான் தெரியாது, யோகா சொல்லித்தரும் இஸிடோராவைத் தவிர.

"ராதிவோய் மாமா, திறந்து வச்சா இது மூச்சுப் பயிற்சி. சாத்திட்டா முட்டைக்கோஸ் பயிற்சி" என்றாள் அவள். பாய்களில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருத்துவமனையின் பழைய சாப்பாட்டுக்கூடம் அது. புளித்த முட்டைக்கோஸ் வாசனை சுவரை விட்டுப் போகவே இல்லை.

நோயாளிக்கு ஒன்று, கூட வந்தவருக்கு ஒன்று என்று ஜோடியாகப் பாய் போட்டிருந்தார்கள். ராதிவோயின் பாய் வந்த நாளிலிருந்து சுருட்டியபடிதான் கிடந்தது. நெவென்கா படுத்ததும் இடுப்பில் காற்றுப் படாமல் கம்பளிச் சட்டையைச் செருகிவிட்டு, ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விடுவார். ரயில்வேயில் சிக்னல் பார்த்த மனுஷன், பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறொன்றும் வராது. வீட்டிலும் அதே கூத்துதான். அவள் குளித்தால் கதவுக்கு வெளியே நிற்பார். ராத்திரியெல்லாம் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடப்பார்.

இன்று அவர் சட்டையோடு குனிந்தபோது நெவென்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனுஷா, இன்னிக்கு நீயும் படு. இல்லேன்னா அடுத்த தடவை என் தங்கச்சி கூட வரட்டும். நீ வர வேண்டாம்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. நீ முழிச்சு முழிச்சுப் பாக்குறப்போ செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வருது."

"எனக்குப் பயமா இருக்கு, நெவென்கா. கண்ண மூடினா நீ போயிடுவியோன்னு."

"போறதா இருந்தா, நீ முழிச்சிருந்தா மட்டும் நின்னுடுவேனா? நீ விழுந்துட்டா என்னை யாரு பாத்துக்குவா? படு."

ராதிவோய் முனகிக்கொண்டே பாயை விரித்தார். இஸிடோரா ஜன்னலைத் திறப்பது காதில் விழுந்தது. எழுந்து போகலாமா என்று நினைத்தார். அடுத்த தடவை தங்கச்சி வந்துவிடுவாளே என்று நினைத்து அப்படியே கிடந்தார். பாதத்தைத் தளர்த்துங்கள் என்றாள் இஸிடோரா, முழங்காலைத் தளர்த்துங்கள் என்றாள். அதற்கு மேல் அவருக்கு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது கூடம் காலியாக இருந்தது. பக்கத்துப் பாயில் நெவென்கா இல்லை. எழப் பார்த்தார். கம்பளிச் சட்டை அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கமாகச் செருகியிருந்தது.

"மெதுவா எந்திரி. குறட்டை தாங்காம எல்லாரும் ஓடிட்டாங்க."

அவருடைய நாற்காலியில் அவள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைத்துணி மடியில் கிடந்தது. பின்னால் ஜன்னல் விரியத் திறந்திருந்தது, எதிரே கதவும்தான்.

"காத்து..." என்று ஆரம்பித்தார்.

"ஆமா" என்றாள் அவள்.

திரைச்சீலை உப்பி, அவளுடைய மொட்டைத் தலையைத் தொட்டுவிட்டுத் தணிந்தது. ராதிவோய் படுத்தபடியே, அது மறுபடி உப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.